கல்லாற்று மைக்கும் கார்த்திகைப் பந்தியும்

போன மாதம் கல்லாற்றிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆற்றங்கரைப் பூங்காவில் இப்போது அவள்தான் டிக்கெட் கவுண்டர். அங்கே புதிதாக சைரன் வைத்திருக்கிறார்களாம். பொன்முடிப் பக்கம் மழை பெய்து தண்ணீர் ஏறினால் அது தானாகவே ஊளையிடும், கூடவே பதிவு செய்த ஒரு குரலும் ஒலிக்கும். அந்தக் குரல் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்களாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த வயதில் யாராவது என்னிடம் வாயை மூடு என்று சொல்லாமல் பேசு என்று சொன்னால் நான் பேசாமலா இருப்பேன்?

"மேடம், வேற ஒரு காரியம் கேட்கட்டா?" என்று அந்தப் பெண் தயங்கினாள். "நீங்க மைக்ல ஒரு பொய் சொல்லி ஆளுகளைக் காப்பாத்தினதா இங்கே பழைய வாச்சர்மார் சொல்லுவாங்க. அன்னிக்கு உங்க ஹஸ்பெண்ட் இறந்துபோனார் அல்லே? பாவம்."

பாவப்பட்ட அந்த மனுஷர் அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, போனை வைத்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லி எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். கதை கைமாறிக் கைமாறி எப்படி ஆகிவிடுகிறது பாருங்கள். இனியும் எழுதி வைக்காமல் விட்டால் அடுத்த தலைமுறை வாச்சர்கள் என்னையும் ஆற்றில் அனுப்பிவிடுவார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நான் வலியசாலைக்கு, மலையாள நாட்டுத் தலைநகரில் இருக்கும் தமிழ்க்காரர் தெருவுக்கு, மாட்டுப்பெண்ணாக வந்தவள். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு பரீட்சை எழுதி வனத்துறையில் வேலை கிடைத்தது. நகரத்துக்குள் ஏதாவது ஆபீஸில் போடுவார்கள் என்று பார்த்தால், விதுராவுக்கும் அப்பால், மலையடிவாரத்தில், கல்லாற்றங்கரைப் பூங்காவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். தினமும் தம்பானூரில் பஸ் ஏறி, நெடுமங்காட்டில் உட்கார இடம் கிடைத்து, விதுராவில் தூங்கி விழித்தால் கல்லாறு. முதல் சில வருஷம் டிக்கெட் கிழித்தேன், மலையாளம் சரியாகப் பேசக் கற்றேன், அட்டைப்பூச்சியை உப்பு வைத்து விழ வைக்கக் கற்றேன். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

மைக் என் கைக்கு வந்தது வர்கீஸ் சார் ரேஞ்ச் ஆபீசராக வந்த பிறகு. அவர் முன்னால் செங்கோட்டை எல்லைப் பக்கம் வேலை பார்த்தவர், தமிழ் நன்றாகப் புரியும், ஒரு மாதிரி பேசவும் செய்வார். ரொம்ப மெல்லப் பேசுவார். அவர் சொல்வது கேட்க வேண்டுமானால் நாம்தான் குனிய வேண்டும். எதையாவது சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைப்பார். துடைக்க ஆரம்பித்தால் நமக்கு ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். மத்தியானச் சாப்பாட்டை ஆபீஸுக்கு வெளியே நின்றுகொண்டே சாப்பிடுவார், முகம் மட்டும் ஆறு வரும் திசையைப் பார்த்து இருக்கும். முதலில் எனக்கு அது ஏதோ வேண்டுதல் போலிருந்தது.

அது வேண்டுதல் இல்லை, பயம். கல்லாற்றின் குணம் அப்படி. கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும், கணுக்கால் அளவு தண்ணீர், பாறை எல்லாம் காய்ந்து கிடக்கும், குழந்தைகள் மீனைத் துரத்திக்கொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் மேலே பொன்முடியில் மேகம் உடைந்து கொட்டியிருக்கும். அந்தத் தண்ணீர் ஒரே மொத்தமாக இறங்கி வரும். கீழே ஒரு துளி மழை இருக்காது. அதை நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கவே முடியாது.

வர்கீஸ் சார் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். மேலே இருக்கும் செக்போஸ்டிலிருந்து வயர்லெஸ்ஸில் மழை என்று சொன்னால் உடனே கரையில் இருக்கும் வாச்சர்கள் விசில் ஊத வேண்டும். அதே நேரத்தில் ஒருவன் மேல்வளைவில் இருக்கும் பாறைக்கு ஓட வேண்டும். அங்கே நின்று அவன் பார்க்க வேண்டியது தண்ணீரின் அளவை இல்லை, நிறத்தை. தெளிந்த தண்ணீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்துக்குத் திரும்பினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து மிதந்து வந்தால், அதன் பின்னால் ஆறு வந்துகொண்டிருக்கிறது. அவன் சிவப்புத் துணியை ஆட்டுவான். உடனே மைக். மைக் முடிந்ததும் ஒவ்வொரு வாச்சரும் தன் பகுதியில் ஆள் இல்லை என்று கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். எல்லாக் கையும் மேலே போகும்வரை யாரும் நகரக்கூடாது.

மைக் முன்னால் நான் முதல் தடவை உட்கார்ந்தபோது வானொலி அறிவிப்பாளர் மாதிரி ஆரம்பித்தேன். "அன்பார்ந்த பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." வர்கீஸ் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோமதி, அன்பு வேண்டா. கனிவும் வேண்டா. நீ அன்பு சொல்லி முடிக்கும்போ ஆறு வந்திரும். ஆறு வருது, கரை ஏறு. மதி."

மதி என்றால் போதும். மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, பிறகு தெரிந்த இந்தியில். அதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டையில் ஒரு தடம் விழுந்துவிட்டது. வீட்டில் பால் பொங்கினால்கூட "பால் வருது, கரை ஏறு" என்று கத்தியிருக்கிறேன்.

அவருக்கு இன்னொரு சட்டம் இருந்தது. அதில்தான் நாங்கள் நாள் முழுவதும் மல்லுக்கு நிற்போம். மைக்கில் வேறு எதுவும் வரக்கூடாது. கழக்கூட்டத்து சாப்ட்வேர் பிள்ளைகள் சனி ஞாயிறு ஆனால் கூட்டமாக வருவார்கள். "மேடம், இன்னிக்கு எங்க டீம் லீடுக்கு பர்த்டே, ஒரு தடவை மைக்ல விஷ் பண்ணுங்களேன், பிளீஸ்" என்று கவுண்டரில் தலையை நீட்டுவார்கள். எனக்கும் ஆசையாக இருக்கும். வாய் துறுதுறுக்கும். ஆனால் சார் விடமாட்டார். செருப்பு காணோம், கார் வழியை மறிக்கிறது, பாட்டுப் போடு, எதுவும் கிடையாது. ஓணத்துக்கு வாழ்த்துச் சொல்லக்கூட விடவில்லை அந்த மனுஷர்.

"மைக் ஒரு தடவை வேண்டாத்தது சொன்னா அடுத்த தடவை ஆளு அதைக் கேட்காது," என்றார். "ஒரு தடவை பொய் சொன்னா பின்னே எப்பவும் கேட்காது. அது வாயைத் தொறந்தா ஆளு எழும்பணும். கேட்டியா?"

கேட்டேன். அந்த மைக்கில்தான் நான் போய்...

அதற்கு முன்னால் எங்கள் வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கணவர் சங்கரனுக்கு ஒரு பெரியப்பா, பெயர் வெங்கிடு. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் இவரை வளர்த்துப் படிக்க வைத்தது அந்தப் பெரியப்பாதான். எங்கள் தெருவில் மூத்தவர். கோவில் காரியமோ கல்யாணமோ, அவர் வந்து உட்கார்ந்தால்தான் ஆரம்பிக்கும். நான் கல்லாற்றில் மைக் பிடிக்கிறேன் என்று தெரிந்ததும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து நின்ற கோலம் எனக்கு இன்றும் கண்ணில் இருக்கிறது.

"ஊர்ப்பட்ட ஆம்பளைகள் அரையில துண்டோட குளிக்கற எடத்துல நம்மாத்து மாட்டுப்பொண் நின்னுண்டு கூவறாளாமே. நன்னா இருக்கா சங்கரா? வேண்டாம், நிறுத்தச் சொல்லு."

என் வீட்டுக்காரர் ரொம்பப் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். "அவ போவா பெரியப்பா," என்றார். அவ்வளவுதான். பெரியப்பா திரும்பிப் போனார். அன்றிலிருந்து பேச்சு நின்றது. ஒரே தெரு, எதிர் வரிசை வீடு. எதிரெதிரே வந்தால் ஒருவர் பஞ்சாங்கம் பார்ப்பது போல வானத்தைப் பார்ப்பார், இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார். இப்படியே வருஷங்கள் ஓடின. தெருவில் எந்த விசேஷத்துக்கும் பெரியப்பா இருக்கும் பந்தியில் இவர் உட்கார்வதில்லை. நான் என்னால்தானே என்று மனசுக்குள் வெந்துகொண்டிருந்தேன். வேலையை விட்டுவிடட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். "உளறாதே," என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

இனி அந்தக் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கார்த்திகை மாதத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு வனபோஜனம் உண்டு. வீட்டில் சமைத்ததைக் கட்டிக்கொண்டு ஏதாவது தோப்புக்குப் போய், நெல்லி மரத்தடியில் பூஜை செய்து, இலை போட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டு வருவார்கள். அந்த வருஷம் யாரோ கல்லாற்றில் நெல்லி மரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இருந்தது. ஆற்றின் நடுவே ஒரு மேட்டில். அந்த மாதிரி மேட்டை அங்கே துருத்து என்பார்கள். ஆறு இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிக்கொண்டு போகும். கரையிலிருந்து கல்மேல் கால் வைத்துக் கடந்துவிடலாம். நிழல், காற்று, ஓடுகிற தண்ணீர். வனபோஜனத்துக்கு இதைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும்?

ஒரு மினிபஸ் நிறைய வந்து இறங்கினார்கள். அடுக்குப் பாத்திரம், உருளி, இலைக்கட்டு, ஜமக்காளம். எனக்குக் கவுண்டரை விட்டு எழுந்து ஓடிப்போய் எல்லோரையும் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மாமிகள் கண்ணாடிக்கு வெளியே நின்று, "கோமதி, நீ இங்கேதான் உட்காருவியா, ஏசி கிடையாதா?" என்று விசாரித்தார்கள். பெரியப்பா மட்டும் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். டிக்கெட் வாங்க வேறு ஆளை அனுப்பினார்.

பூஜை முடிந்து அவர்கள் பந்தி உட்கார்ந்தபோது மத்தியானம் நன்றாகத் திரும்பியிருந்தது. ஆபீஸ் மேட்டிலிருந்து பார்த்தால் துருத்து முழுக்கத் தெரியும். நெல்லி மரத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக இலை. தலைமாட்டில் பெரியப்பா. எனக்குப் பசி எடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

அப்போதுதான் வயர்லெஸ் கரகரத்தது. மேலே மழை. சாதாரண மழை இல்லை, முன்னால் நிற்கிற ஆள் தெரியாத மழை.

விசில் ஊதினார்கள். ஒருவன் மேல்வளைவுப் பாறைக்கு ஓடினான். அந்த மழைக்குச் சிவப்புத் துணிவரை காத்திருக்க வேண்டாம் என்று சார் சைகை காட்ட, நான் மைக்கை எடுத்தேன். ஆறு வருது, கரை ஏறு. மலையாளம், தமிழ், இந்தி. குளித்துக்கொண்டிருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். பாறையில் கிடந்து வெயில் காய்ந்தவர்கள் ஏறினார்கள். ஒவ்வொரு கையாக மேலே போனது. துருத்துக்குப் பொறுப்பான சுரேந்திரனின் கை மட்டும் போகவில்லை. பந்தி அசையவில்லை.

எனக்கு ஏன் என்று தெரியும். சாருக்குத் தெரியாது. எங்கள் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. இலையில் உட்கார்ந்து, தண்ணீர் சுற்றிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டால், வரிசையில் மூத்தவர் சாப்பிட்டு முடித்துக் கடைசித் தண்ணீரை உள்ளங்கையில் வாங்கிக் குடித்து எழுந்தால்தான் மற்றவர்கள் எழுந்திருக்கலாம். நடுவில் ஒருவர் எழுந்தால் பந்தியில் இருக்கும் அத்தனை பேரையும் அவமதித்த மாதிரி. பெரியப்பாவோ ஒரு பருக்கை விடாமல், நிதானமாக, ஒவ்வொரு வாயையும் யோசித்துச் சாப்பிடுகிறவர். வானத்தில் வெயில். காலடியில் மீன் தெரிகிற தண்ணீர். ஒலிபெருக்கியில் கத்துவது அவருக்குப் பிடிக்காத மாட்டுப்பெண். அவர் எதற்கு எழுந்திருக்கப் போகிறார்?

சுரேந்திரன் கல்மேல் தாவிப் போய்க் கையை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. நல்ல பையன், ஆனால் குரலை உயர்த்தத் தெரியாதவன். மாமிகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த நிமிஷம் பார்க்கிறேன், பந்தியின் கடைசியில் ஒரு புது இலை விழுகிறது, சுரேந்திரன் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், இலையில் பாயசம் விடுகிறார்கள்! ஆளை எழுப்பப் போன ஆளையே உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

துருத்திலிருந்து ஒருவர் எங்களைப் பார்த்து உரக்கச் சொன்னார். "மோர் சாதம் மட்டும்தான் பாக்கி! இதோ ஆச்சு கேட்டோ!"

மேல்வளைவுப் பாறையில் சிவப்புத் துணி ஆடியது.

"சார், வாச்சர்களை அனுப்பித் தூக்கிண்டு வரச் சொல்லுங்கோ," என்றேன்.

"முடியாது. வயசானவங்களை பலம் பிடிச்சு இழுத்தா கல்லுல வழுக்கி எல்லாரும் வீழும். அவங்க தானா நடக்கணும்." சார் கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்லை. "உன் ஆளுகதானே கோமதி? எப்படிச் சொன்னா எழும்பும்?"

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை. பந்தியை நடுவில் நிறுத்தக்கூடியது ஒன்றே ஒன்றுதான். சாவுச் செய்தி. அதுவும் மூத்தவருக்குத் தீட்டு வருகிற பங்காளியின் சாவாக இருக்க வேண்டும். அது காதில் விழுந்தால் கையில் எடுத்த கவளத்தைக்கூட வாயில் போடக்கூடாது. அப்படியே எழுந்து குளிக்கப் போக வேண்டும்.

பெரியப்பாவின் பங்காளிகள் எல்லோரும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒருவரைத் தவிர. பெரியப்பா இருக்கும் பந்தியில் உட்காராதவர். வீட்டில் தனியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்.

கை தானாகப் போய்த் தாலியைப் பிடித்துக்கொண்டது. எந்த வாயால் சொல்வது? சொன்னாலும் பெரியப்பா எழுந்திருப்பாரா? இத்தனை வருஷம் முகம் பார்க்காத பிள்ளை. போனால் போகட்டும், சாப்பிட்டு முடித்துவிட்டுப் போகிறேன் என்று அவர் நினைத்துவிட்டால்? என் புருஷனையும் வாயால் கொன்று, பந்தியையும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு நான் அங்கே நிற்க வேண்டும்.  ஆனால் தண்ணீர் நிறம் மாறிவிட்டது, நான் பார்த்தேன். துருத்தின் மேல்முனையில் சருகு சுழன்று வந்து ஒட்டியது.

மைக்கைப் போட்டேன்.

"பெரியப்பா, நான் கோமதி பேசறேன். நம்மாத்துலேர்ந்து செய்தி வந்திருக்கு. உங்க சங்கரன் போயிட்டார். உடனே எழுந்து வாங்கோ."

என் குரல் மலையில் பட்டுத் திரும்பி எனக்கே கேட்டது. 

பெரியப்பா எழுந்தார். எழுந்தார் என்று எழுதுகிறேன், ஆனால் அது அப்படி இல்லை. முழங்கால் வலியால் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய அந்த மனுஷர், ஒற்றைக் கையைத் தரையில் ஊன்றி ஒரே மூச்சில் எழும்பினார். இலையை மிதித்துக்கொண்டு நடந்தார். கையில் மோர் சாதம் அப்படியே இருந்தது. தண்ணீரில் கல் எது, பள்ளம் எது என்று பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நேரே வந்தார். பந்தி முழுவதும் அவர் பின்னால் எழுந்தது. சுரேந்திரன் பாயசக் கையோடு குதித்து முன்னால் வந்து அவர் தோளைப் பிடித்தான். கரையிலிருந்த வாச்சர்கள் கயிற்றை எறிந்து, இருபுறமும் இறங்கி நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கைமாற்றிக் கரை சேர்த்தார்கள். பாதி ஆற்றிலேயே மாமிகளின் அழுகை ஆரம்பித்துவிட்டது. ஒருத்தி மட்டும் உருளியை எடுக்கத் திரும்பினாள், அவளைச் சுரேந்திரன் அலாக்காகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

வர்கீஸ் சார் என் பக்கத்தில் குனிந்தார். "கோமதி, போன் வந்ததா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்து, "ஆளு ஏறட்டும்," என்று மட்டும் சொன்னார்.

பெரியப்பா ஈரம் சொட்ட மேடேறி என் முன்னால் வந்து நின்றார். 

"எப்போடி போனான்?"

 மைக்கில் சொல்லிவிட்ட அந்தப் பொய்யை முகத்துக்கு நேரே இன்னொரு தடவை சொல்ல என்னால் முடியவில்லை.

"சொல்லேண்டி. எப்படி? கூட யார் இருந்தா? தனியாவா இருந்தான்?"

சுரேந்திரனின் கை மேலே போனது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. லாரியில் இருந்து கருங்கல் சரிக்கிற மாதிரி, ஆனால் நிற்காத சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். மேல்வளைவில் பழுப்பாக ஒரு சுவர் திரும்பி உள்ளே வந்தது. மரக்கிளை, கல், நுரை எல்லாம் சேர்ந்து துருத்தின்மேல் ஏறியது. இலைகள், ஜமக்காளம், அடுக்குப் பாத்திரம், உருளி, ஒன்றும் மிச்சமில்லை. பெரியப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் நெல்லி மரம் கழுத்தளவு தண்ணீரில் தலையை உலுக்கிக்கொண்டிருந்தது. வெயில் அப்போதும் சுள்ளென்றுதான் அடித்தது.

அழுகை நின்றுவிட்டது.  எனக்கோ உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. எல்லோரும் கரையில் இருக்கிறார்கள், எல்லோரும்! கத்த வேண்டும் போலிருந்தது.

வர்கீஸ் சார் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அவர் அதில் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தன் செங்கோட்டைத் தமிழில், மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஒரு திருத்தம். கொஞ்சம் முன்னே சொன்ன செய்தி தப்பு. சங்கரன் உயிரோட இருக்கார். சுகமா இருக்கார். இந்த மைக் மன்னிப்புக் கேட்குது. இனிமே இது பொய் சொல்லாது."

மைக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்துத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. வெளியே போய்த் தண்ணீர் குடித்தார். 

கூட்டத்தில் முதலில் ஒரு மாமி "பொய்யா?" என்றாள். இன்னொருத்தி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், என்னைத் திட்டினார்கள், கட்டிக்கொண்டார்கள், திட்டிக்கொண்டே கட்டிக்கொண்டார்கள். பெரியப்பா மட்டும் அசையாமல் நின்றார்.

"ஆறு வராம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

"என்னை நாலு அறை அறைஞ்சுட்டு மறுபடியும் போய் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேள்," என்றேன். பயத்திலும் என் வாய் சும்மா இருக்காது.

அவர் ஆற்றை ஒரு தடவை பார்த்தார். "இங்கே போன் இருக்கா?"

கல்லாற்றில் அப்போது மொபைல் எடுக்காது. ஆபீஸ் போனில் நான் நம்பரைச் சுழற்றினேன். இவர் எடுத்தார். "ஏன்னா, நான்தான். உங்களை மைக்ல கொன்னுட்டேன்," என்றேன். "என்னது?" என்று இவர் கேட்பதற்குள் பெரியப்பா ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். மோர் சாதம் ஒட்டிய கையாலேயே பிடித்திருந்தார்.

"டேய் சங்கரா. நீ இருக்கியாடா?"

இவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. "இருக்கேன் பெரியப்பா" என்று சொன்னதாகப் பிற்பாடு சொன்னார்.   பெரியப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் நின்றது. துடைத்துக்கொள்ளவில்லை. நான் அழுதேன். என் வேலையால் அறுந்தது என் வேலையாலேயே ஒட்டிக்கொண்டது என்று நான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

கடைசியில் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "எல்லாரும் பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்திருக்கோம்டா. ஒரு பஸ் ஜனம். நேரா உங்காத்துக்குத்தான் வரோம். உலை வை."

பூங்காவை மூடிவிட்டு நான் வலியசாலைக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். தெரு முனையிலேயே சத்தம் கேட்டது. வீட்டுக் கூடத்தில் சுவர் ஓரமாக இலை வரிசை. ஒரு நாளும் சமையலறைப் பக்கம் போகாத என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரண்டியும் கையுமாக, வியர்த்து வழிந்துகொண்டு பரிமாறுகிறார். பாதியில் எழுந்தவர்கள் அன்றைக்கு மறுபடி சாப்பிடலாமா என்று ஒரு மாமா சந்தேகம் கேட்டிருக்கிறார். பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்: எழுந்ததற்குக் காரணமே பொய், ஆகையால் எழுந்தது எழுந்ததில் சேராது.

என்னைப் பார்த்ததும் எல்லோரும் இலையிலிருந்து நிமிர்ந்தார்கள். பெரியப்பா ரசத்தைக் கையில் வழித்து ஒரு வாய் உறிஞ்சினார். முகத்தைச் சுளித்தார். பிறகு, நான் மைக் பிடித்த நாளிலிருந்து அன்று காலைவரை என் முகத்தைப் பார்க்காதவர், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஏண்டி கோமதி, உன் ஆம்படையானுக்கு ஒரு ரசம்கூட வைக்கத் தெரியலையே."

"மத்தியானம்தானே செத்துப் பொழைச்சார், இனிமேதான் கத்துக்கணும்," என்றேன்.

அன்றைய ரசத்தில் உப்பே இல்லை. எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.